வான் வில்லியம்ஸின் முதல் மூன்று சிம்பொனிகள்: எதிலிருந்து தொடங்குவது?

ரேஃப் வான் வில்லியம்ஸ் (1872–1958) எழுதிய சிம்பொனிகள் ஒன்பது. அவற்றில் முதல் மூன்றும் எண் இல்லாமல் பெயரோடு மட்டும் வெளிவந்தவை: 1910-இல் அரங்கேறிய கடல் சிம்பொனி, 1914-இல் அரங்கேறிய லண்டன் சிம்பொனி, 1922-இல் அரங்கேறிய பாஸ்டரல் சிம்பொனி. எட்டாவது சிம்பொனியை எழுதும் வரை அவர் தம் சிம்பொனி எதற்கும் எண் இட்டதில்லை. இன்று இசைத்தட்டு உறைகளிலும் செயலிகளிலும் காணும் ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. ஆனாலும் புதிதாகக் கேட்க வருபவர் அந்த எண்களைப் பார்த்து முதலாவதிலிருந்தே தொடங்குவது இயல்பு. அது தவறான வாசல் என்பது என் எண்ணம். லண்டன் சிம்பொனியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதிலும் 1936-இல் அச்சான திருத்திய வடிவத்திலிருந்து தொடங்க வேண்டும். ஏன் என்பதை மற்ற இரண்டின் தகுதிகளையும் குறைக்காமல் சொல்லிப் பார்க்கிறேன்.

யாரை மனத்தில் வைத்து இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பீத்தோவன், மோட்சார்ட், சைக்கோவ்ஸ்கி ஆகியோரில் சிலவற்றைக் கேட்டவர். சிம்பொனி என்பது பெரும்பாலும் நான்கு பகுதிகளால் ஆனது என்று அறிந்தவர். ஆனால் இங்கிலாந்தின் இசைக்குள் இன்னும் நுழையாதவர். அவரிடம் ஒரு மாலைப்பொழுது இருக்கிறது, முதலில் கேட்பது பிடிக்கவில்லையென்றால் இரண்டாவதற்கு வரமாட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மூன்றை மட்டும் தனியே எடுப்பதற்குக் காரணம் உண்டு. நான்காவது சிம்பொனி 1935-இல்தான் வந்தது. பாஸ்டரலுக்கும் அதற்கும் இடையே 13 ஆண்டு இடைவெளி. அந்த நான்காவது, முன்னவற்றை எழுதிய கைதானா இது என்று கேட்கவைக்கும் அளவுக்குச் சீற்றம் நிறைந்தது. ஆகவே முதல் மூன்றும் ஒரு கூட்டமாகவே நிற்கின்றன. அவற்றுக்குள் ஒரு பொதுத்தன்மையும் இருக்கிறது: மூன்றும் ஆரவாரம் இல்லாமல், ஒலி மெல்ல மெல்லக் குறைந்து, எந்த நொடியில் முடிந்தது என்று சொல்ல இயலாதபடி முடிகின்றன. 1908-இல் அரங்கேறிய, ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் முதல் சிம்பொனி வெற்றி முழக்கத்தோடு முடிந்து பெரும் புகழ் பெற்றிருந்த காலத்தில், அவருக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் மூன்று முறையும் இப்படி முடித்திருக்கிறார் என்றால் அது தற்செயலாக இருக்க முடியாது. அப்படிப்பட்ட முடிவு கேட்பவரைத் தொட வேண்டுமானால், அதற்கு முன்னால் வந்தவை அந்த முடிவைத் தேவையாக்கியிருக்க வேண்டும். எந்தச் சிம்பொனி புதியவருக்கு அதை மிகத் தெளிவாகச் செய்து காட்டுகிறது என்பதையே நான் உரைகல்லாகக் கொள்கிறேன்.

கடல் சிம்பொனியின் தொடக்கத்தைப் போல உடனே ஆளைப் பிடித்துக்கொள்ளும் தொடக்கங்கள் குறைவு. பித்தளைக் கருவிகள் பி ஃபிளாட் மைனரில் ஒரு முழக்கத்தை எழுப்புகின்றன. பாடகர் குழு கடலைக் காணுமாறு அழைக்கிறது. கடல் என்ற சொல் விழும் இடத்தில் இசைக்குழு முழுவதும் டி மேஜருக்குத் தாவி விரிகிறது. இந்தச் சில நொடிகளுக்காகவே பலர் இதை முதலில் பரிந்துரைக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. பாடல் வரிகள் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனுடையவை. பாரதியார் தம் கட்டுரையொன்றில் விட்மனின் கவிதை வசனநடை போலவே இருப்பதைப் புதுமை என்று எடுத்துச் சொன்னதால், தமிழ் வாசகருக்கு அவர் முற்றிலும் அந்நியர் அல்லர். எதுகையும் கட்டான சந்தமும் இல்லாத அந்த நீண்ட வரிகள் வான் வில்லியம்ஸுக்கு விடுதலையாக இருந்திருக்க வேண்டும். தாளக்கட்டு தராத வரிகளுக்கு இசைதான் கட்டுக்கோப்பைத் தர வேண்டும் என்பதால், சொல் எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே இசையும் வளைகிறது.

ஆனால் இதை எழுத அவருக்கு 1903 முதல் 1909 வரை ஆறு ஆண்டுகள் ஆயின, அந்த ஆறு ஆண்டுகளில் அவர் ஒரே ஆளாக இருக்கவில்லை. தொடங்கியபோது அவர் பாரி, ஸ்டான்ஃபோர்டு ஆகிய ஆசிரியர்களிடம் கற்ற ஆங்கிலப் பாடகர் குழு மரபின் மாணவர். 1903-இன் இறுதியில் எஸ்ஸெக்ஸ் கிராமப்புறத்தில் நாட்டுப்பாடல்களைச் சேகரிக்கத் தொடங்கினார். 1906-இல் வெளிவந்த ஆங்கிலத் துதிப்பாடல் தொகுப்புக்கு இசைப் பதிப்பாசிரியராக இருந்தார். 1907–08 குளிர்காலத்தில் பாரிஸுக்குப் போய் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலிடம் மூன்று மாதம் பயின்றார். இத்தனை மாற்றங்களின் தையலும் அந்த ஒரே படைப்பில் தெரிகிறது. சில பக்கங்கள் ஆசிரியர்களின் குரலில் பேசுகின்றன, சில பக்கங்கள் வேறு எவராலும் எழுதியிருக்க முடியாதவை. கடல் சிம்பொனி லீட்ஸ் விழாவில் 1910 அக்டோபர் 12 அன்று, அவருடைய 38-ஆவது பிறந்தநாளில், அவரே நடத்த அரங்கேறியது. அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்புதான் குளோஸ்டர் தேவாலயத்தில், பதினாறாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் டாலிஸின் கருப்பொருள் மீது அவர் எழுதிய கற்பனை இசை அரங்கேறியிருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு, பிந்தி மேடையேறியதுதான் இளமையான படைப்பு என்பது உடனே புரியும்.

புதியவருக்கு உண்மையான சிக்கல் நான்காம் பகுதி. மொத்தம் எழுபது நிமிடத்துக்கு அருகில் வரும் இந்தச் சிம்பொனியில் 'ஆய்வுப் பயணிகள்' என்ற அந்தக் கடைசிப் பகுதி மட்டுமே ஏறத்தாழ அரை மணி நேரம் நீள்கிறது. அதன் வரிகள், 1869-இல் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாயையும் கண்டங்களின் இணைப்பையும் முன்வைத்து விட்மன் எழுதிய 'இந்தியாவுக்கு ஒரு வழி' என்ற கவிதையிலிருந்து எடுத்தவை. ஆசியத் தோட்டங்களிலிருந்து ஆதாமும் ஏவாளும் இறங்கி வருவதில் தொடங்கும் மனிதத் தேடல், கடைசியில் கப்பல் இன்னும் தொலைவு, இன்னும் தொலைவு என்று விலகிப் போவதில் முடிகிறது. கருத்து பெரியது, இசையும் பல இடங்களில் அதற்கு ஈடாக உயர்கிறது. இருந்தாலும் நடுவே அது எங்கே போகிறது என்பதை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டால் அன்றி அறிய முடியாது. பாடகர் குழுவின் ஆங்கிலம் ஆங்கிலேயருக்கே பாதிதான் பிடிபடும். ஆகவே அந்த அடங்கிய முடிவு வந்து சேரும்போது, அதைப் பெரிதும் உரைப்பது கவிதைதான். இசை தனியாக அந்த வேலையைச் செய்துவிடவில்லை. இது சிம்பொனியா, பாடகர் குழுவும் தனிப்பாடகர்களும் பாடும் நெடிய குரலிசை வடிவமான ஓரட்டோரியோவா என்ற பழைய வழக்கு எனக்கு முக்கியமில்லை. சொற்களை நம்பி நிற்கும் படைப்பு என்பதுதான் முக்கியம். குரலிசையில் ஈடுபாடு உள்ளவரும் விட்மனைப் படித்தவரும் என் பேச்சைக் கேட்காமல் இங்கிருந்தே தொடங்கலாம்.

அடுத்த வேட்பாளர் பாஸ்டரல். வான் வில்லியம்ஸ் என்றதும் உலகெங்கும் முதலில் ஒலிப்பது வானம்பாடியைப் பற்றிய அவருடைய வயலின் இசை. அதைக் கேட்டவர்கள் பாஸ்டரல் என்ற பெயரைப் பார்த்ததும், அதே புல்வெளி, அதே இளவெயில் என்று எண்ணி இங்கே வருவார்கள். இரண்டும் ஒரே காலத்தவை என்பதும் உண்மைதான்: வானம்பாடியின் இசைக்குழு வடிவம் 1921 ஜூனிலும் பாஸ்டரல் 1922 ஜனவரி 26 அன்றும் லண்டனின் அதே குவீன்ஸ் ஹாலில், அதே நடத்துநர் ஏட்ரியன் போல்ட் நடத்த அரங்கேறின. ஆனால் அந்த வழியே வருபவர் ஏமாறுவார். இதில் நான்கு பகுதிகளும் ஏறக்குறைய நிதானமானவை. முழு இசைக்குழுவும் ஓங்கி ஒலிக்கும் இடங்கள் மிகக் குறைவு. அரங்கேற்றத்துக்கான குறிப்பிலேயே அவர் இதைச் சொல்லிவிட்டார். மூன்றாம் பகுதி மட்டும் கனத்த நடனமாகத் தொடங்கி, இறுதியில் சில நொடிகள் இறகாகப் பறந்து மறைகிறது. மற்றபடி ஓர் இசைக்கருத்தை முன்வைத்து, எதிர்ப்பை எழுப்பி, மோதவிட்டு, தீர்வுக்குக் கொண்டுவரும் சிம்பொனி வழக்கத்தை அவர் இங்கே கைவிட்டுவிடுகிறார். வேலிக் கதவுக்கு மேலே தலையை நீட்டிப் பார்க்கும் பசு என்று இசையமைப்பாளர் பீட்டர் வார்லாக் அடித்ததாக வழங்கும் கிண்டல், வான் வில்லியம்ஸின் இந்தக் காலத்துப் பாணியையே குறிவைத்தது.

அந்தக் கிண்டல் தவறு. 1914-இன் கடைசி நாளில், 42 வயதில், வான் வில்லியம்ஸ் ராணுவ மருத்துவப் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அந்த வயதில் அவர் போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. 1916-இல் வடபிரான்ஸில் அர்ராஸ் நகரத்துக்கு அருகிலுள்ள எக்குவாவ்ர் என்ற ஊரில், காயம்பட்டவர்களை ஏற்றிவரும் ஆம்புலன்ஸ் வண்டியோடு இரவுதோறும் முன்னணிக்குப் போய்வந்தார். பிறகு பீரங்கிப் படையில் அதிகாரியானார்; பீரங்கிச் சத்தம் அவர் செவித்திறனை நிலையாகக் கெடுத்தது. பல ஆண்டுகள் கழித்து, 1938-இல், பின்னாளில் அவர் மனைவியான அர்சுலாவுக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் சிம்பொனி உண்மையில் போர்க்கால இசை என்றும், அந்த வண்டியில் ஒரு செங்குத்தான மேட்டில் ஏறும்போது கண்ட, ஓவியர் கோரோ தீட்டியது போன்ற அந்தி நிலக்காட்சியிலிருந்து பெரும்பாலும் பிறந்தது என்றும், எல்லோரும் நினைப்பது போல ஆட்டுக்குட்டிகள் துள்ளும் இசை அல்ல என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே பாஸ்டரல் குறிப்பது இங்கிலாந்தின் மேய்ச்சல் நிலத்தை அல்ல. அது பிரான்ஸின் வயல்வெளி. அதில் யார் கிடந்தார்கள் என்பது 1922-இல் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், பெயர்தான் அவர்களைத் திசைதிருப்பியிருக்கும்.

இரண்டாம் பகுதியில் இதற்குத் தடயம் இருக்கிறது. முகாமில் பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பைப் பழகிக்கொண்டிருந்த ஒருவர் எட்டாம் சுரத்தைத் தொட முயன்று ஏழாவதிலேயே நின்றுவிடுவதை அவர் கேட்டிருந்தார். அந்தத் தவறு இங்கே நீண்ட டிரம்பெட் தனியிசையாக மாறியிருக்கிறது. வால்வுகளைப் பயன்படுத்தாமல் ஊத வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. இயற்கையாக எழும் அந்த ஏழாவது மேற்சுரம், பியானோவில் கேட்டுப் பழகிய சுரத்தைவிடச் சற்றுக் கீழே நிற்கும். சுருதிச் சுத்தத்தில் கூர்மையான காதுள்ளவர் அதை உடனே உணர்வார், முதல் முறை பிசகாகவும் உணரலாம். அந்தப் பிசகைச் சரிசெய்துவிட்டால் அந்தப் பகுதிக்கு உயிரே இருக்காது. பகுதியின் முடிவில் அதே இசையை ஹார்ன் திரும்பவும், அதே நிபந்தனையோடு, தொலைவிலிருந்து ஊதுகிறது.

தமிழ் இசைக் காதுக்குப் பாஸ்டரல்தான் நெருக்கமாக இருக்கும் என்ற வாதம் ஒன்று எழக்கூடும். மேஜர், மைனர் என்ற இரண்டு அளவுகோல்களை விட்டுவிட்டு நாட்டுப்பாடல்களின் பழைய சுர வரிசைகளை வான் வில்லியம்ஸ் கையாண்டார் என்பதும், தொடக்கத்தில் புல்லாங்குழல்கள் அசையும் இடத்தின் சுர வரிசை நம் அரிகாம்போதியின் சுரங்களோடு ஒத்துப்போகிறது என்பதும் சரியே. ஆனாலும் இந்த ஒற்றுமையை நம்பி உள்ளே போவது ஆபத்து. ஒரு ராகம் நிலைகொள்ளும், தன்னை விரித்துக்காட்டும் என்ற எதிர்பார்ப்போடு நாம் காத்திருக்கும்போது, அவர் அந்த வரிசை வேரூன்றும் முன்பே இன்னொன்றுக்கு நழுவிவிடுகிறார்; சில இடங்களில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தும் விடுகிறார். கமகம் இல்லை, மையம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அறிமுகமானது போலத் தோன்றிக் கைக்கு அகப்படாமல் போகும் இசை, முற்றிலும் புதிய இசையைவிட அதிகமாகச் சோர்வைத் தரும்.

நான்காம் பகுதி டிம்பனியின் மெல்லிய உருட்டலுக்கு மேலே, மேடைக்கு வெளியிலிருந்து வரும் சொற்களற்ற சோப்ரானோ குரலோடு தொடங்குகிறது. முடிவிலும் அந்தக் குரலே வருகிறது. வயலின்கள் மிக உயரத்தில் ஒரே சுரத்தைப் பிடித்திருக்க, வேறு துணை எதுவும் இல்லை. மூன்று சிம்பொனிகளின் முடிவுகளில் இதுதான் மிக உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் குரல் யாருக்காகப் பாடுகிறது என்று முன்பே அறிந்தவருக்கே அது முழுமையாகச் சென்று சேரும். கடல் சிம்பொனிக்குக் கவிதை வரிகள் எப்படித் தேவையோ, பாஸ்டரலுக்கு 1916 அப்படித் தேவை. வான் வில்லியம்ஸின் வழக்கமான பேச்சு எப்படி இருக்கும் என்று கேட்டுப் பழகியவர்தான், இங்கே அவர் எவ்வளவைப் பேசாமல் விட்டிருக்கிறார் என்பதையும் உணர்வார். அந்த வழக்கமான பேச்சு லண்டன் சிம்பொனியில் இருக்கிறது.

லண்டன் சிம்பொனியை எழுதத் தூண்டியவர் அவருடைய நண்பரும் இசையமைப்பாளருமான ஜார்ஜ் பட்டர்வொர்த். குரல்களோ வரிகளோ இல்லாமல், இசைக்குழுவுக்கு மட்டுமே ஒரு சிம்பொனி எழுத வேண்டும் என்று அவர் ஒரு நாள் சொல்ல, லண்டனைப் பற்றி வேறொரு வடிவத்தில் எழுதிவைத்திருந்த குறிப்புகளை வான் வில்லியம்ஸ் எடுத்துச் சிம்பொனியாக்கினார். 1914 மார்ச் 27 அன்று குவீன்ஸ் ஹாலில் ஜெஃப்ரி டாய் நடத்த அது அரங்கேறியது. பிறகு கையெழுத்துப் பிரதி ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டது. ஆகஸ்டில் போர் மூண்டதும் அது அங்கேயே தொலைந்தது. பட்டர்வொர்த், டாய், இசை அறிஞர் எட்வர்டு டென்ட் ஆகியோர் வாத்தியக்காரர்களின் தனித்தனிப் பிரதிகளைச் சேர்த்து இசைப்பிரதியை மீண்டும் உருவாக்கினார்கள். பட்டர்வொர்த் 1916 ஆகஸ்ட் 5 அன்று சோம் போர்முனையில் போசியெரில், 31 வயதில் கொல்லப்பட்டார். சிம்பொனி அவர் நினைவுக்குப் படைக்கப்பட்டது.

இந்தச் சிம்பொனியில் புதியவருக்குப் பிடிமானங்கள் ஏராளம். ஆழ்ந்த தந்திக் கருவிகளிலிருந்து எழும் நான்கு சுரங்களில் நகரம் இன்னும் விழிக்கவில்லை; வெஸ்ட்மின்ஸ்டர் மணிக்கூண்டின் அரை மணி ஓசையை ஹார்ப் மெல்லச் சொல்கிறது; உடனே பெரும் இரைச்சலோடு பகல் வெடிக்கிறது. இரண்டாம் பகுதியை நவம்பர் மாதத்துப் பிற்பகல் ஒன்றில் புளூம்ஸ்பரி சதுக்கம் என்று அவர் ஒருமுறை குறிப்பிட்டார். அதில் லாவெண்டர் விற்பவரின் தெருக்கூவல் வருகிறது. குதிரை வண்டியின் மணிகள் சிணுங்குகின்றன. இவற்றுக்கு நடுவே காரணம் சொல்லாத ஒரு துயரம் பெரிதாகி எழுந்து அடங்குகிறது. மூன்றாம் பகுதிக்கு அவர் தந்த குறிப்பு ஒரு திரைக்கதையைப் போலத் தெளிவானது: இரவில் தேம்ஸ் கரைச் சாலையில் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் ஸ்ட்ராண்ட் தெருவின் பெரிய ஓட்டல்கள், மறுபக்கம் நியூ கட்டின் நெரிசலும் விளக்குகளும். நடுவில் தெருவோர ஹார்மோனிகா வாசிப்பவரை இசைக்குழு முழுவதுமாக நடிக்கிறது.

இவ்வளவு படங்களைத் தந்துவிட்டு, 'லண்டன்வாசி ஒருவரின் சிம்பொனி' என்பதே பொருத்தமான தலைப்பாக இருக்கும் என்றும், இசை இசையாகவே நிற்க வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். முரண்பாடாகத் தெரிந்தாலும், அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. மணியோசையும் கூவலும் வாசற்படிகள் மட்டுமே. உள்ளே நுழைந்த பிறகு கேட்பவரை நடத்திச் செல்வது அந்த நான்கு சுரங்களும், பகுதிக்குப் பகுதி கூடிக்கொண்டே போகும் கலக்கமும்தான். லண்டனைப் பார்த்திராதவர்கூட இவற்றைத் தொடர்ந்து செல்ல முடியும்.

நான்காம் பகுதி கதறலோடு தொடங்குகிறது. பின்பு வரும் அணிநடை, வெற்றி ஊர்வலங்களின் மிடுக்கு இல்லாமல் கனமாக நடக்கிறது. வேலையற்றவர்களின் பட்டினி ஊர்வலத்தைப் பலர் அதில் கேட்டிருக்கிறார்கள். பேரரசின் தலைநகரைப் பற்றி 1914-இல் அரங்கேறிய சிம்பொனியில் உச்சம் இப்படி வந்து நிற்பது, எல்கரின் அணிநடைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய செய்தி. அந்த உச்சம் உடைந்ததும் ஹார்ப் மீண்டும் மணி அடிக்கிறது, இம்முறை முக்கால் மணி. அதன் பிறகு முடிவுரையாக வரும் பின்னிசையில் ஆறு ஓடுகிறது. தொடக்கத்து நான்கு சுரங்கள் திரும்ப வந்து கரைகின்றன. இந்தப் பின்னிசைக்கு எச். ஜி. வெல்ஸின் 'டோனோ-பங்கே' நாவலின் கடைசிப் பக்கங்களைப் பார்க்கும்படி வான் வில்லியம்ஸ் தம் முதுமையில் குறிப்பிட்டார். அங்கே ஒரு கப்பல் தேம்ஸ் வழியாகக் கடலுக்குப் போக, லண்டனும் இங்கிலாந்தும் பின்னால் நழுவி மறைகின்றன. நாவலைப் படிக்காதவருக்கும் இந்த முடிவு புரியும். நாற்பது நிமிட நேரம் அவ்வளவு இரைச்சலையும் கூட்டத்தையும் கேட்ட காதுக்கு, அவை ஒவ்வொன்றாக விலகுவது என்ன என்பதை இசையே சொல்லிவிடுகிறது. கவிதை வரியோ, கடிதமோ தேவையில்லை. நான் சொன்ன உரைகல்லில் லண்டன் தேறுவது இதனால்தான். 1951-இல் நடத்துநர் பார்பிரோல்லிக்கு எழுதிய கடிதத்தில், அதுவரை எழுதிய ஆறு சிம்பொனிகளுக்குள் குறைகளோடும் தமக்கு மிகப் பிடித்தது இதுவே என்று அவரும் சொல்லியிருக்கிறார். ஆசிரியரின் விருப்பம் சான்றாகாது என்பதை ஒப்புக்கொண்டே இதைக் குறிப்பிடுகிறேன்.

இங்கே இன்னொரு தேர்வு குறுக்கிடுகிறது. லண்டன் சிம்பொனி ஒன்றல்ல. 1913-இல் எழுதி முடித்த மூல வடிவம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நீள்வது. போர்க்காலத்திலும் அதற்குப் பின்பும் அவர் அதை வெட்டிக்கொண்டே வந்தார். 1920-இல் ஒரு வடிவம் அச்சானது. 1933-இல் மீண்டும் திருத்தி, 1936-இல் இறுதி வடிவத்தை வெளியிட்டார். அது சுமார் 45 நிமிடம். முதல் பகுதியில் அவர் ஏறக்குறைய கை வைக்கவே இல்லை. வெட்டு முழுவதும் பின் மூன்று பகுதிகளிலும் பின்னிசையிலும் விழுந்தது. வெட்டுண்டவற்றுக்காக இசையமைப்பாளர் ஆர்னால்டு பாக்ஸும், பிற்காலத்தில் திரை இசையமைப்பாளர் பெர்னார்டு ஹெர்மனும் வருந்தினார்கள். மூல வடிவத்தைப் பதிவு செய்ய அர்சுலா வான் வில்லியம்ஸ் அனுமதி தந்ததும், ரிச்சர்டு ஹிக்காக்ஸ் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு சாண்டோஸ் நிறுவனத்துக்காகச் செய்த பதிவு வெளிவந்து, 2001-இல் கிராமஃபோன் இதழின் ஆண்டின் சிறந்த பதிவு விருதைப் பெற்றது. அதற்குப் பிறகு, மூலமே உண்மையான லண்டன், பின்னது சுருக்கம் என்று பேசுபவர்கள் பெருகிவிட்டார்கள்.

அவர்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மூலம் இருண்டது. இரண்டாம் பகுதியில் துயரம் இன்னும் நீண்டு தங்குகிறது. பின்னிசையில் திருத்திய வடிவம் தராத ஓர் அகலம் இருக்கிறது, அங்கே வெட்டியதற்காக நானும் வருந்துகிறேன். ஆனால் இடைநடுவில் மூலம் பல இடங்களில் தான் சொல்லிவிட்டதையே மறுபடி நினைவுகூர நிற்கிறது. மூன்றாம் பகுதி முடிய வேண்டிய இடத்தைக் கடந்தும் போகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் தம் படைப்பையே பிறர் படைப்பைப் போலக் கத்தரித்த ஒருவரின் தீர்ப்பை, புதிதாகக் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் தள்ளிவிடுவது எளிது. புதியவருக்கு 1936 வடிவமே சரி. அதை நன்கு அறிந்த பிறகு மூலத்தைக் கேட்டால், எது எங்கே இருந்தது, எதற்காக நீங்கியது என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கேள்வி எழும். அது தனி இன்பம். முதலிலேயே மூலத்தைக் கேட்டுவிட்டால் அந்த இன்பமும் இல்லை, நடையும் தளர்ந்ததாகத் தோன்றும். 1920 வடிவத்தை மார்ட்டின் பிராபின்ஸ் ஹைபீரியன் நிறுவனத்துக்காகப் பதிவு செய்திருக்கிறார். அது ஆராய்ச்சி மனம் உள்ளவர்களுக்கு.

பதிவுகளைப் பொறுத்தவரை, லண்டனுக்கு ஹாலே இசைக்குழுவோடு பார்பிரோல்லி 1957-இல் செய்ததையோ 1967-இல் செய்ததையோ எடுக்கலாம். முந்தியது விறுவிறுப்பானது, பிந்தியதில் ஒலித்தரம் நன்றாக இருந்தாலும் நடை சற்றுக் கனமானது. ஒரே நடத்துநரிடம் மூன்றையும் கேட்க விரும்பினால் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு ஆந்த்ரே ப்ரெவின் 1968 முதல் 1972 வரை ஆர்சிஏவுக்காகச் செய்த தொகுப்பு ஏற்றது. அதில் பாஸ்டரலின் சொற்களற்ற குரலைப் பாடும் ஹெதர் ஹார்ப்பருக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம். போல்ட் 1950-களில் டெக்காவுக்காகச் செய்த பதிவுகளின்போது வான் வில்லியம்ஸ் அரங்கில் உடனிருந்தார் என்பதால் அவற்றுக்கு ஆவண மதிப்பு மிகுதி. ஆனால் கடல் சிம்பொனியின் பெரும் பாடகர் குழுவைப் பழைய மோனோ ஒலியில் கேட்பது அதற்கு நியாயம் செய்வதாகாது. அதே போல்ட் 1968-இல் ஈஎம்ஐ நிறுவனத்துக்காக ஸ்டீரியோவில் செய்ததை எடுத்துக்கொள்ளலாம். அட்லாண்டா இசைக்குழுவோடு ராபர்ட் ஸ்பானோ செய்த கடல் சிம்பொனிப் பதிவு 2003-இல் சிறந்த செவ்வியல் தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. ஆங்கிலப் பாடகர் குழுக்களின் சாயல் இல்லாமல் விட்மனின் அமெரிக்கக் குரலைக் கேட்க விரும்புபவருக்கு அது உகந்தது. எதைத் தேர்ந்தாலும் பாஸ்டரலைத் தேடும்போது வான் வில்லியம்ஸின் பெயரையும் சேர்த்தே தேட வேண்டும். இல்லையென்றால் செயலிகள் பீத்தோவனின் ஆறாவது சிம்பொனியைத்தான் முதலில் கொண்டுவந்து நிறுத்தும்.